வகுப்பறையில் கிடைக்கும் தகுதி

(தரங்கம்பாடியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அரசுப் பள்ளி ஆசிரியர் ஆவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வை எழுத வேண்டும், எத்தனை மதிப்பெண் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்கிறேன். கூடவே, இந்தப் பாதையில் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிற ஓர் இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கவும் விரும்புகிறேன். பயிற்சிக் காலத்தில் உங்களைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்களே, அந்தக் கற்பித்தல் பயிற்சிதான் நான் சொல்லும் இடம். ஓர் ஆசிரியர் உருவாவது அங்கேதான். நம்முடைய ஏற்பாடுகள் மிகக் குறைவாக மதிப்பதும் அதைத்தான். இன்றைய என் பேச்சின் சாரம் இவ்வளவே.

இதைத் தரங்கம்பாடியில் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் டென்மார்க் அரசரின் ஆணையோடு இந்தக் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். சமயப் பணிக்கு வந்தவர்கள். தமிழில் ஓர் எழுத்துகூட அறியாதவர்கள். சீகன்பால்க் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தேடிப்பிடித்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கே வந்து பள்ளியை நடத்தும்படி கேட்டுக்கொண்டார். வயதான அந்த வாத்தியாரும் வந்தார். பிள்ளைகளுக்கு நடுவே சீகன்பால்க் தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலை வைத்து எழுத்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஒன்பதே ஆண்டுகளில், 1715இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரின் அச்சகத்தில் அச்சாகி முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சீகன்பால்கின் மொழித்திறனை வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். நான் அந்த வாத்தியாரை நினைத்துப் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் வேற்று நாட்டான், வேற்று மொழிக்காரன், வளர்ந்த ஆள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அப்படிப்பட்டவனை எங்கே உட்கார வைப்பது, எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளோடு உட்கார வைத்தார், அகரத்திலிருந்து தொடங்கினார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இருந்திருக்காது. ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்துப் பெற்ற பழக்கம் இருந்தது.

பள்ளிகள் பெருகப் பெருக ஆசிரியர்கள் போதவில்லை. 1716இல் இதே ஊரில், உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பாடம் தெரிந்தவர்கள் எல்லோராலும் பாடம் சொல்லிக்கொடுத்துவிட முடியாது, அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும் என்ற தெளிவு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தெருக்களில் இருந்திருக்கிறது.

அதே நூற்றாண்டின் கடைசியில் இன்னொன்று நடந்தது. சென்னை எழும்பூரில் ஆண்கள் அனாதை இல்லத்துப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்பவர் நடத்திவந்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். படித்த பிள்ளையைக் கொண்டு படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறையை ஒத்த ஏற்பாடு அது. 1797இல் அதைப் புத்தகமாக எழுதி இங்கிலாந்தில் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது அங்கே பள்ளிகளில் பரவியது. நம் வாத்தியார்கள் கையாண்ட வழியிலிருந்து கடல் கடந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதை நீங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திண்ணைப் பள்ளியைப் பாராட்டும்போது அதன் குற்றங்களை மறைக்கக் கூடாது. அடி பலமாக விழும். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. பெண் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது. வாத்தியார் வேலையும் பெரும்பாலும் குடும்பவழியாக வந்தது. அந்தக் கட்டை உடைத்ததில் அரசாங்கப் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் பெரிய பங்கு உண்டு. 1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1856இல் சென்னையில் ஆசிரியர்களுக்கான நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் அது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. படித்துத் தேறினால் யார் வேண்டுமானாலும் ஆசிரியர் ஆகலாம் என்ற வழி அதன் பிறகுதான் மெல்லத் திறந்தது.

பெண்களுக்கு அந்த வழி எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதற்கு, பழைய தஞ்சை மாவட்டத்து ரிஷியூர்க் குடும்பத்தில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கை சான்று. சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைத்து, ஆசிரியைகளாக ஆக்கினார். வீட்டு மூலையில் முடங்கியிருந்த பெண், மாதச் சம்பளம் வாங்கி, ஊரார் ‘டீச்சரம்மா’ என்று மரியாதையோடு கூப்பிடும் நிலைக்கு வந்தாள். இந்தக் காவிரிப் படுகையில் எத்தனையோ குடும்பங்களில் முதன்முதலில் அரசுச் சம்பளம் வாங்கிய பெண் ஒரு டீச்சராகத்தான் இருப்பார். ஆகையால், சான்றிதழை வெறும் காகிதம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

சான்றிதழ் கேட்காத இடத்திலும் ஆசிரியரைச் சோதித்துத்தான் எடுத்தார்கள். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதையரைத் தமிழாசிரியராக எடுத்தபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து அவரைப் பாடல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், பொருள் சொல்லச் சொன்னார்கள், கேள்வி கேட்டார்கள். அதில் தேறிய பிறகுதான் வேலை. ஆசிரியராகப் போகிறவரின் குரலையும் விளக்கத்தையும் நேரில் கேட்டு முடிவு செய்தார்கள். இந்தச் செய்தியை மனத்தில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

இனி இன்றைய பாதைக்கு வருவோம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மூன்று படிகள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். இடைநிலை ஆசிரியராக வேண்டுமானால், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. இந்தப் பக்கத்தில் அதற்கான அரசு நிறுவனம் நாகப்பட்டினம் மாவட்டத்துக் குருக்கத்தியில் இருக்கிறது. பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் இளநிலைப் பட்டமும் பி.எட். படிப்பும் வேண்டும். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுகள். பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று சில காலம் ஒரு வழி இருந்தது. 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அதை அடைத்துவிட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிக் கலை, அதற்கான பட்டயப் படிப்பைப் படித்தவர்களே அதற்கு உரியவர்கள் என்பது தீர்ப்பின் சாரம். ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால் இளக்காரமாகப் பார்க்கிற நம் சமூகம், அந்தத் தீர்ப்பை நன்றாக வாசிக்க வேண்டும்.

படிப்பு முடிந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வு. பிள்ளைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23இல் இந்தத் தேர்வைக் கட்டாயமாக்கியது. நம் மாநிலத்தில் 2011 நவம்பர் மாதத்து அரசாணை, தேர்வை நடத்தும் பொறுப்பை ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் கொடுத்தது. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்பவர்களுக்கு. இரண்டிலும் 150 கேள்விகள், 150 மதிப்பெண். முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ் முதலான மொழிப்பாடம், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்துக்கும் முப்பது முப்பதாகப் பிரித்திருப்பார்கள். இரண்டாம் தாளில் முதல் மூன்று பகுதிகளும் அதே அளவுதான். மீதி அறுபது, கணிதமும் அறிவியலுமாக அல்லது சமூக அறிவியலாக இருக்கும்.

முதல் தேர்வு 2012 ஜூலை 12இல் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடை எழுத முடியாது என்று குரல் எழுந்தது. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். அப்போது தேறியவர்கள் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். தேர்ச்சிக்கு முதலில் எல்லோருக்கும் 60 சதவீதம், அதாவது 90 மதிப்பெண் வேண்டும் என்று வைத்தார்கள். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் அதை 55 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த அளவுகள் அரசாணைக்கு அரசாணை மாறும். நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையை வரி விடாமல் படித்துப் பாருங்கள்.

தகுதித் தேர்வில் தேறியதும் வேலை வந்துவிடாது. 2018இல் வெளியான அரசாணை எண் 149இன்படி, பணி நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு உண்டு. அதில் முதலில் தமிழ் மொழித் தகுதித் தாள். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளையே திருத்துவார்கள். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, அதன் பிறகு கலந்தாய்வு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்ததற்கான சான்றுகளை, படித்த ஒவ்வொரு இடத்திலும் போய் வாங்க வேண்டும். அதை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் ஓடி அலையாதீர்கள்.

இந்தப் பாதை எவ்வளவு நீளமானது என்பதற்கு ஓர் உதாரணம். இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் பத்தாண்டுபோல் நின்றே கிடந்தது. 2024இல் 1,768 இடங்கள் என்று அறிவித்து, பிறகு ஆயிரம் இடங்களைக் கூட்டி, ஜூலை 21இல் போட்டித் தேர்வு நடத்தினார்கள். பணி ஆணை கைக்கு வந்தது 2025இல். 2013இல் தகுதித் தேர்வில் தேறியவர்களைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு இதற்குள் திருமணமாகி, பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே, இரவில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தை விரிக்கிற தாய்மார்களை நான் அறிவேன். அவர்களுடைய பொறுமைக்கு முன்னால் கைகூப்ப வேண்டும்.

இந்தத் தேர்வுகளை நான் எதிர்க்கவில்லை. அதற்கு முன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்புக்காகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்துக் கிடந்தார்கள். படித்ததெல்லாம் மறந்த வயதில் வகுப்பறைக்குள் நுழைந்தவர்கள் உண்டு. எழுத்துத் தேர்வு என்று வந்தபின், சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணும் தன் உழைப்பை நம்பி நிற்க முடிகிறது. அந்த நியாயத்தை இழந்துவிடக் கூடாது.

ஆனால், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வால் எதை அளக்க முடியும், எதை அளக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பியாஜே சொன்ன நான்கு வளர்ச்சி நிலைகள் எவை என்று அது கேட்கும். நீங்களும் வரிசை மாறாமல் சொல்லிவிடுவீர்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறான். அங்கே என்ன செய்வீர்கள்?

தவறு என்று சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு, சரியான கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டி, பத்து தடவை எழுதச் சொல்வது ஒரு வழி. நல்ல ஆசிரியர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “எப்படிப்பா போட்ட?” என்று கேட்பார். “பெருசுலேருந்து சின்னதத்தானே டீச்சர் கழிக்கணும்? ஏழுலேருந்து ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுலேருந்து ரெண்டு போனா மூணு” என்பான். பாருங்கள், பையன் மனம்போன போக்கில் எழுதவில்லை. நாம் இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு விதியை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறான். அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: 52இல் இருக்கும் 5, ஐந்து பத்துகள். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டுகளும், தனியாக இரண்டு குச்சிகளும் அவன் முன்னால் வையுங்கள். இருபத்தேழு குச்சி எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு கட்டை எடுத்துக் கொடுப்பான். ஏழு குச்சிக்குத் திணறுவான். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவனே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நீங்கள் இரண்டு ஆண்டு படிக்கிறீர்கள்.

அவனிடம் “எப்படிப் போட்ட?” என்று கேட்கத் தோன்றுவதும், அவன் திணறும்போது பேசாமல் இருக்கப் பழகுவதும் எந்தக் கையேட்டிலிருந்தும் வராது. பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுதான் வரும்.

வாசிப்பிலிருந்து இன்னொன்று. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘தேன்’ என்பதைத் ‘தன்’ என்கிறாள். ‘கொக்கு’ என்பதைக் ‘காக்கு’ என்கிறாள். எழுத்தே தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவள் விட்டது கொம்பு மட்டும்தான். ‘கொ’வில் ஒற்றைக் கொம்பை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ‘கா’தானே? மிகச் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். நம் எழுத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்யின் ஒலிக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கும் குழந்தைக்கு அது முதலில் குழப்பம் தரும். கொம்பு போட்ட எழுத்துகளை மட்டும் அட்டைகளில் எழுதி, கே, சே, தே, பே என்று விளையாட்டாக வைத்து வாசிக்கப் பழக்கினால், கொஞ்ச நாளில் தடை விலகிவிடும். ‘வாசிக்கத் தெரியாதவள்’ என்று பெயர் வாங்கிப் பின் வரிசைக்குப் போயிருக்க வேண்டிய பெண், முன்னால் வந்து நின்று வாசிப்பாள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், சிறு வகுப்புகளில் இந்த அடிப்படையை உறுதிசெய்யத்தான் வந்தது. திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கொம்பு எங்கே விடுபடுகிறது என்று காதுகொடுத்துக் கேட்கும் ஆசிரியர் இருந்தால்தான் அது பிள்ளையைப் போய்ச் சேரும்.

இனிக் கற்பித்தல் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை மனம் திறந்து பேச வேண்டும். பல இடங்களில் அது ரெக்கார்டு நோட்டு எழுதும் பயிற்சியாகவே முடிந்துவிடுகிறது. பாடக்குறிப்பு பழைய மாணவர்களின் நோட்டிலிருந்து வருகிறது. சார்ட் கடையிலிருந்து வருகிறது. பயிற்சி மாணவி வந்தால் வகுப்பாசிரியர் தம் மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விடுகிறார். வழிநடத்தும் விரிவுரையாளர் என்றைக்கோ ஒருநாள் வந்து கையெழுத்துப் போடுகிறார். ஆசிரியர் வேலைக்குக் கிராக்கி இருந்த காலத்தில் தெருவுக்குத் தெரு பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. அவற்றுள் சில, வகுப்புக்கு வராமலேயே சான்றிதழ் வாங்கித் தருவதாகப் பெயரெடுத்தன. வேலை இல்லை என்றானதும் அவற்றில் பல மூடப்பட்டுவிட்டன. அந்தச் சான்றிதழ்களோடு இளைஞர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏமாந்தவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தக் கரையோர ஊர்களில் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத பாடங்கள் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் நேரத்தில் விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது தெருவே தண்ணீரில் நிற்கும், வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ நிறையும். இதெல்லாம் தெரியாத ஆசிரியர், பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்காமல் சோம்பேறி என்பார். தெரிந்தவர் மறுநாள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைப் பள்ளிகளில், பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தவர்கள் அப்படிப்பட்ட ஆசிரியர்கள்தான். அந்த வேலைக்கு மதிப்பெண் போட எந்த விடைத்தாளிலும் இடமில்லை.

பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவையும் பாருங்கள். மீனைக் கூறு வைத்து விற்கும் அம்மாவோடு உட்கார்ந்த பெண்ணுக்குக் கூட்டலும் பங்கீடும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. உழவர் வீட்டுப் பையனிடம் ‘மா’ என்றால் என்ன என்று கேளுங்கள். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்பான். இருபது மா ஒரு வேலி என்று தாத்தா சொன்னதையும் சொல்வான். அப்படியானால் ஒரு மா, வேலியில் எத்தனை பங்கு? இருபதில் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளி எண்சுவடியிலும் மா என்றால் இருபதில் ஒரு பங்குதான். ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்றதும் மிரளும் பையன், தன் வீட்டு வயலை வைத்து அதே பின்னத்தைச் சொல்லிவிடுகிறான். இதைக் கண்டெடுப்பதற்கு ஊரைத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டுப் பேச்சைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இங்கே அரசுக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

தகுதித் தேர்வையும் போட்டித் தேர்வையும் ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் நடத்துங்கள். பத்தாண்டு காக்க வைத்தால், கற்ற கலை துருப்பிடிக்கும். கற்பித்தல் பயிற்சியை வாரக்கணக்கில் எண்ணாமல், ஒரே பள்ளியில் ஒரே வகுப்போடு ஒரு கல்வியாண்டு முழுவதும் தொடரும்படி அமையுங்கள். அந்தப் பள்ளியில் வழிகாட்டும் ஆசிரியருக்கு அதற்கான நேரத்தையும் மதிப்பையும் கொடுங்கள். பணியில் சேரும் முன், தேர்ச்சி பெற்றவர்கள் ஒரு வகுப்பையாவது எடுப்பதை அனுபவமுள்ள ஆசிரியர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு வேண்டாம், சிபாரிசு உள்ளே நுழைந்துவிடும். பார்த்துத் திருத்திச் சொல்லும் கடமை மட்டும் இருக்கட்டும். 1880இல் கும்பகோணத்தில் ஒருவருக்காக ஒரு கல்லூரியே கூடி உட்கார்ந்து கேட்க முடிந்தது என்றால், இன்றைக்கு நம்மாலும் முடியும்.

வேலையில் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், தகுதித் தேர்வு வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களாக இருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் அதில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகள் கற்பித்தவர்கள் இப்போது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய கலக்கம் நியாயமானது. அவர்கள் ஆக்கி அனுப்பிய பிள்ளைகளே அவர்களுக்குச் சான்று. சட்டப்படி இதற்குத் தீர்வு தேடும் பொறுப்பு அரசுடையது. தேர்வுக்கு அவர்களைத் தயார்செய்யும் பொறுப்பும் அரசுடையதே. அதேபோல, 2009 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முன் சேர்ந்தவர்களைவிடக் குறைந்த அடிப்படை ஊதியத்தில் தொடங்கி, ஆண்டுக்கணக்காகச் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு வீதியில் நின்றிருக்கிறார்கள். ஒரே வகுப்பறைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சம்பளம், அந்தப் பக்கம் ஒரு சம்பளம் என்றால், ஆசிரியரை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்வதற்குப் பொருள் இல்லை.

மாணவியரே, தம்பிமாரே, உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் முதலில் ஆறு முதல் பத்து வரையுள்ள சமச்சீர்ப் பாடநூல்களை வரிவரியாகப் படியுங்கள். தொடக்கப் பள்ளிக்குப் போகிறவர்கள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கையேடுகளை அதன் பிறகு திறந்தால் போதும். உளவியலை மனப்பாடம் செய்யும்போது, நீங்கள் பார்த்த ஒரு பிள்ளையின் முகத்தோடு சேர்த்துப் படியுங்கள். மறக்காது. இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பாடம் நடத்திப் பாருங்கள். சொல்லிக்கொடுக்க முடிந்தால்தான் அது உங்களுக்குத் தெரியும் என்று பொருள்.

தேர்வில் இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தோற்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். தலை குனியாதீர்கள். 2012இல் முதல் தேர்வில் தோற்ற லட்சக்கணக்கானவர்களில் எத்தனையோ பேர் மறுபடி எழுதித் தேறி, இன்று நல்ல ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

இப்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போகப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். போகிற பள்ளியில் முதல் வாரத்திலேயே, வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். தினமும் பதினைந்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். எந்த எழுத்தில் தடுக்கிறது, எந்தக் கணக்கில் தடுமாறுகிறது என்று ஒரு தனி நோட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதி வாருங்கள். யாருடைய ரெக்கார்டையும் பார்த்து எழுதாதீர்கள். பயிற்சி முடியும் நாளில் அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தை உங்கள் முன்னால் தானாக வாசிக்க வேண்டும். அதற்கு யாரும் மதிப்பெண் தரப்போவதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து நீங்கள் ஆசிரியர். பணி ஆணை பிறகு வரட்டும், அதை வாங்கும் உரிமை உங்களுக்கு அப்போதே வந்துவிடும்.